வலிக்கு ஒரு கலம்

போன மாதம் ஒரு மாலை நேரம். எங்கள் தெருக்கோடியில் குடியிருக்கும் பையன் ஒருவன் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. மணலி சாலையில் கண்டெய்னர் லாரி ஒன்று உரசித் தள்ளியதில் வலது கால் முறிந்து, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். வக்கீல் தயாரித்த மனுவின் நகலை நீட்டி, "ஐயா, நீங்க கவர்ன்மென்ட்ல இருந்தவரு. ஒருவாட்டி படிச்சுப் பாருங்க" என்றான்.

முப்பத்தாறு வருடம் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் காகிதம் கையில் வந்தால் சும்மா இருக்க முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வரிசையாகத் தலைப்புகள்: மருத்துவச் செலவு, போக்குவரத்துச் செலவு, ஊட்டச்சத்து உணவு, உடுப்புச் சேதம், வருமான இழப்பு. எல்லாவற்றுக்கும் எதிரே தொகை இருந்தது. "வலியும் வேதனையும்" என்ற தலைப்புக்கு எதிரே மட்டும் பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

"இதுக்கு எவ்வளவு போடலாம்னு வக்கீல் என்னையே கேக்குறாரு ஐயா. எனக்கு என்ன தெரியும்?"

எனக்கும் உடனே பதில் சொல்ல வரவில்லை. முதலில் தேதியைத்தான் பார்த்தேன். 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிட வேண்டும். அவனுக்கு ஐந்து வாரம் மிச்சம் இருந்தது. "ரெண்டு நாள் கழிச்சு வாப்பா" என்று அனுப்பிவிட்டேன். அந்த இரண்டு நாளில் பரணிலிருந்து இறக்கிய பழைய கோப்பும், அதைப் புரட்டியபோது நினைவுக்கு வந்தவையுமே இந்தக் கட்டுரை.

1987ஆம் வருடம் எங்கள் குடும்பத்தில் இரண்டு காயங்கள், ஆறு வார இடைவெளியில். முதலில் நான். அலுவலகம் போகும் வழியில், மூலக்கடை அருகே என் டிவிஎஸ் 50ஐப் பின்னாலிருந்து லாரி இடித்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயிற்று. நான்கு மாதம் மாவுக்கட்டு. அடுத்து என் மனைவியின் தம்பி. மாதவரத்தில் ஒரு தகரப் பட்டறையில் பவர் ப்ரெஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆறு பேர் வேலை செய்த சின்ன இடம். எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இருந்த பெரிய வண்டிக் கம்பெனிகளை நம்பி அந்த நாளில் இதுபோல எத்தனையோ பட்டறைகள். டையிலிருந்து தகட்டை எடுக்கக் கையை நீட்டியபோது ப்ரெஸ் இரண்டாம் முறை இறங்கிவிட்டது. வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போயின. அவனுக்கு அப்போது முப்பது வயது, மாதச் சம்பளம் 900 ரூபாய்.

ஸ்டான்லிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையில் அடிபட்டால் ஸ்டான்லிதான். டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவாக அங்கே வளர்த்தெடுத்தது நாடறிந்த விஷயம். இத்தனை பட்டறைகளும் துறைமுகமும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பும் சூழ்ந்த இடத்தில் அப்படி ஒரு பிரிவு வந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த வார்டில் நான் ஊன்றுகோலோடு போய் உட்கார்ந்திருந்த நாட்களில் எண்ணிப் பார்த்திருக்கிறேன்: பத்துக் கட்டில் இருந்தால் ஏழெட்டுக் கை ப்ரெஸ்ஸிலோ கட்டரிலோ சிக்கிய கை.

இரண்டு மனுக்களுக்கும் விவரம் எழுதிக் கொடுத்தவன் நான்தான். என்னுடையது மோட்டார் வாகன விபத்துக் கோரிக்கைத் தீர்ப்பாயத்துக்கு. மைத்துனனுடையது தொழிலாளர் இழப்பீட்டு ஆணையருக்கு. என் மனுவில் "வலியும் வேதனையும்: ரூ. 25,000" என்று எழுதியிருந்தேன். அவனுக்கு என்னைவிடப் பெரிய காயம் என்பதால் 40,000 என்று எழுதினேன். அந்தத் தாளைப் பார்த்த தொழிற்சங்கக்காரர் ஒருவர், நல்ல மனிதர், என் பேனாவையே வாங்கி அந்த வரியை ஒரு கோடு போட்டு அடித்தார். "சார், இந்தச் சட்டத்துல அந்தக் கலமே கிடையாது" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. ரோட்டில் போன என் காலுக்கு வலி உண்டு, பட்டறையில் போன அவன் விரலுக்கு வலி இல்லையா?

விளங்கிக்கொள்ளச் சட்டத்தின் பிறப்புக்குப் போக வேண்டியிருந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு, 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் ஆலையிலோ துறைமுகத்திலோ அடிபட்டவன் சிவில் கோர்ட்டில் முதலாளியின் தவற்றை நிரூபித்தாக வேண்டும். பெரம்பூர் ஆலைத் தொழிலாளி ஒருவன் தறியில் கையை விட்டுவிட்டு, அந்த ஆலை வைக்கும் வெள்ளைக்கார வக்கீலுக்கு எதிரே நின்று வழக்காடுவதை நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் 1884, இங்கிலாந்தில் 1897, பிரான்சில் 1898 என்று ஒவ்வொரு நாடாக ஒரு சமரசத்துக்கு வந்தன. தொழிலாளி யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை; வேலையில் அடிபட்டான் என்றால் போதும், பணம் வரும். அதற்குப் பதிலாக, வரும் பணம் அட்டவணையில் உள்ளபடிதான், அதுவும் இழந்த சம்பாதிக்கும் திறனுக்கு மட்டும். இந்தப் பேரத்தில் தொழிலாளி விட்டுக்கொடுத்தது வலி. அந்தக் காலத்துக்கு அது மோசமான பேரம் என்றும் சொல்ல மாட்டேன். கைக்கு எட்டாத நியாயத்தைவிட, கைக்கு எட்டுகிற பாதி நியாயம் பலரைப் பட்டினியிலிருந்து காப்பாற்றியது. ஆனால் அந்தப் பேரம் பேசிய மேஜையில் தொழிலாளி உட்கார்ந்திருக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையை நான் பல தடவை படித்திருக்கிறேன். கசாப்புக் கடை விலைப் பலகை போல இருக்கும். கட்டை விரல் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டு விரலோ 7. தனித்தனியே கூட்டினால் நான்கு விரலுக்கு 40 வரும். ஆனால் ஒரே கையில் நான்கும் போனால் 50 என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். கணக்குப் போட்டவருக்குக் கையைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. சட்டத்தில் இன்னொரு வரியும் உண்டு. மூன்று நாளுக்கு மேல் முடக்கிப் போடாத காயத்துக்கு முதலாளி பொறுப்பில்லை.

மைத்துனன் கணக்கு இப்படி வந்தது. 30ம் 14ம் 44 சதவீதம். சம்பளத்தில் 50 சதவீதம் 450 ரூபாய். முப்பது வயதுக்கு அட்டவணைக் காரணி 207.98. மூன்றையும் பெருக்கினால் 41,180 ரூபாய். பைசா சுத்தமாகக் கணக்கு. மருத்துவச் செலவுக்குக்கூட அப்போது இடம் இல்லை. 2010 ஜனவரியில் அமலுக்கு வந்த திருத்தத்தில்தான் அது சேர்ந்தது, சட்டத்தின் பெயரும் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. வலிக்கு அப்போதும் கலம் வரவில்லை. பெரிய தொழிற்சாலையில் இருப்பவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, அதில் மாதா மாதம் ஊனப் பணம் வருமே தவிர, வலி என்ற பேச்சு அதிலும் இல்லை.

இனி என் வழக்கு. சாலை விபத்துகளுக்கெனத் தனித் தீர்ப்பாயம் அமைக்க 1939ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956இல் திருத்தம் வந்தது. அங்கே "நியாயமான இழப்பீடு" என்ற ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லின் வழியாகத்தான் வலி உள்ளே நுழைந்தது. ஆனால் நான் அரசு ஊழியன். மருத்துவ விடுப்பு, ஈட்டிய விடுப்பு எல்லாம் சேர்த்து சம்பளம் குறையாமல் வந்துவிட்டது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் இதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"சம்பளம் முழுசா வந்துச்சா?"

"வந்தது."

"வேலை போச்சா? இன்கிரிமென்ட் நின்னுச்சா?"

"இல்லை."

"அப்போ உங்களுக்கு என்னதான் நஷ்டம்?"

நான் யோசிக்காமல், "ராத்திரித் தூக்கம்" என்றேன். கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, சாட்சி இரவில் தூக்கமின்றி அவதிப்பட்டதாகக் கூறுகிறார் என்று பதியச் சொன்னார்.

1991இல் தீர்ப்பு. மருத்துவச் செலவு 2,300. போக்குவரத்து 500. ஊட்டச்சத்து 1,000, என் மனைவி வைத்த ஆட்டுக்கால் சூப்புக்கே அதைவிட அதிகம் ஆகியிருக்கும். 15 சதவீத நிரந்தர ஊனத்துக்கு 15,000. வலிக்கும் வேதனைக்கும் 5,000. ஆக மொத்தம் 23,800, வட்டி தனி. காசோலை வந்த அன்று மைத்துனன் வீட்டுக்கு வந்திருந்தான். தீர்ப்பு நகலை இடது கையால் பிடித்துப் படித்தவன், அந்த 5,000 வந்ததும் நிறுத்தினான். "மாமா, உங்க வலிக்கு அஞ்சாயிரமா?" என்று கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இந்த 5,000 என்ற எண்ணோடு எனக்கு இன்னொரு பழைய கணக்கும் உண்டு. 1988ஆம் வருடப் புதிய மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994 நவம்பரில் இரண்டாவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்தார்கள். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே, அட்டவணைப்படி பணம் பெறும் வழி. அதில் வலிக்கும் வேதனைக்கும் சர்க்காரே விலை போட்டது: கொடுங்காயத்துக்கு 5,000 ரூபாய், மற்றக் காயத்துக்கு 1,000 ரூபாய். அட்டவணையில் கணக்குப் பிழைகளே இருக்கின்றன என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லியும் அது நின்றது. 2018 மே மாதம் வரை, இருபத்து மூன்று வருடத்துக்கும் மேலாக, அந்த 5,000 ஒரு ரூபாய் ஏறவில்லை. அந்த இருபத்து மூன்று வருடத்தில் என் அகவிலைப்படி எத்தனை தடவை ஏறியது என்று என் சர்வீஸ் ரிஜிஸ்டரும் பென்ஷன் புத்தகமும் சொல்லும். விலைவாசி எனக்கு ஏறியது, வலிக்கு ஏறவில்லை.

தவற்றை நிரூபித்து வழக்காடியவர்கள் கதை வேறு. அவர்களுக்கு அட்டவணைக் கட்டுப்பாடு இல்லை. 1995இல் பம்பாய் வழக்கறிஞர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே முழுதும் செயலிழந்துவிட்டவர். வலிக்கு 1,50,000, இழந்த வாழ்க்கை இன்பங்களுக்கு 1,50,000 என்று தனித்தனியே கொடுத்தார்கள். இப்படித் தொகை நிர்ணயிப்பதில் கொஞ்சம் ஊகமும், ஊனத்தின் தன்மையைப் பார்த்து எழும் இரக்கமும் கலந்தே தீரும் என்று நீதிபதிகள் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடித்தது. 2020இல், விபத்தில் மூளை பாதித்து, கைக்குழந்தை நிலையிலேயே நின்றுவிட்ட ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு வலிக்கும் இழந்த வாழ்க்கை இன்பங்களுக்கும் சேர்த்து 15 லட்சம். 2024 நவம்பரில், முதுகுத்தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலிக்குப் போய்விட்ட பெங்களூர்க்காரர் ஒருவருக்கு வலியும் வேதனையும் என்ற தலைப்பில் 15 லட்சம். அவர் அடிபட்டது 2008இல். கடைசித் தீர்ப்பு பதினாறு வருடம் கழித்து. அந்தத் தீர்ப்பில் வலி என்றால் என்ன, வேதனை என்றால் என்ன என்று நீதிபதிகள் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

நம் தமிழிலேயே அதற்கு எத்தனை சொல். நோவு, கடுப்பு, குத்தல், குடைச்சல், எரிச்சல், உளைச்சல். எலும்பு முறிந்தவனுக்குப் பகலில் இருப்பது வேறு, இரவு இரண்டு மணிக்கு வருகிற குடைச்சல் வேறு. சட்டத்துக்கு இது தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. 1860ஆம் வருட இந்தியத் தண்டனைச் சட்டம் கொடுங்காயத்துக்கு எட்டு வகை சொல்லியது. எட்டாவது வகையில், இருபது நாள் கடுமையான உடல் வலி அனுபவித்தாலே கொடுங்காயம். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அதைப் பதினைந்து நாளாகக் குறைத்திருக்கிறார்கள். ஆக, அடித்தவனைத் தண்டிக்க வலியை நாள் கணக்கில் அளக்கத் தெரிந்திருக்கிறது. ப்ரெஸ்ஸில் விரல் போனவனுக்குப் பணம் கொடுக்கும்போது அந்த அளவுகோலைக் காணோம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற அன்பர்களுக்குத் தெரியும். என் பெரியப்பா அங்கே கோர்ட்டில் எழுத்தராக இருந்தார். 1962க்குப் பிறகு இந்தியச் சட்டங்கள் ஒவ்வொன்றாக அங்கே வந்தபோதும், பழைய பிரெஞ்சுச் சட்டப் புத்தகங்களை விடாமல் வைத்திருந்தவர். நான் கட்டோடு படுத்திருந்தபோது பார்க்க வந்தார். வழக்கைப் பற்றிச் சொன்னதும், "பிரெசியோம் தொலோரிஸ்" என்றார். லத்தீன் சொல், வலியின் விலை என்று பொருள். 1804ஆம் வருட பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1382ஆம் பிரிவு ஒரே வாக்கியம்தான். தன் தவற்றால் பிறருக்குக் கேடு விளைவித்தவன் அதை ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். இப்போது அதற்கு 1240 என்று எண் மாறியிருக்கிறது. அந்த ஒரு வாக்கியத்திலிருந்தே அங்கே வலிக்கு விலை கேட்கும் வழக்கம் வளர்ந்தது. மருத்துவ நிபுணர் காயம்பட்டவரைப் பரிசோதித்து, ஒன்றிலிருந்து ஏழு வரை வலிக்கு எண் போடுவார். ஒன்று மிக லேசு, ஏழு மிகக் கடுமை. நீதிபதி அந்த எண்ணைப் பார்த்துத் தொகை போடுவார். பெரியப்பா என் காலைப் பார்த்து, "உனக்கு நாலு" என்றார். அடுத்த அறையில் படுத்திருந்த மைத்துனனைப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர், எண் எதுவும் சொல்லவில்லை. அங்கேயும் வேலையில் அடிபட்டவனுக்கு 1898 சட்டத்தின் அந்தப் பேரம்தான் என்பது அவருக்குத் தெரியும்.

மைத்துனனுக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. இடது கையால் எழுதக் கற்று, பால்பண்ணைப் பக்கம் ஒரு சின்ன மளிகைக் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டான். அந்த 41,180தான் கடைக்கு முதல் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மழைக்காலம் வந்தால், இல்லாத ஆள்காட்டி விரலின் நுனி எரிகிறது என்பான். ஆரம்பத்தில் நாங்கள் யாரும் நம்பவில்லை. பிரமை என்று நினைத்தோம். அவனும் சொல்வதை நிறுத்திவிட்டான். பல வருடம் கழித்து, டாக்டர் வி.எஸ். ராமச்சந்திரன் என்ற நரம்பியல் அறிஞர் அமெரிக்காவில் இதைத்தான் ஆராய்கிறார் என்று படித்தேன். போன கையில் வலிக்கிறது என்பவர்களை ஒரு கண்ணாடிப் பெட்டி முன் உட்கார வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தைக் காட்டுவாராம். இல்லாத கை திரும்பி வந்ததுபோல் தெரிந்து, சிலருக்கு அந்த வலி தணிந்திருக்கிறது. அவர் மருத்துவம் படித்தது நம் ஸ்டான்லியில். அந்தக் கட்டுரையை வெட்டிக் கொண்டுபோய் மைத்துனனிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தான். "அப்போ நான் சொன்னது நெசந்தான் மாமா" என்றான்.

பையன் சொன்னபடி இரண்டாம் நாள் வந்தான். அவனுக்கு ஒரு தொகை சொல்ல நான் யார்? என் பழைய கோப்பிலிருந்து ஒரு பால் கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினேன். 1987இல் என் மனைவி எழுதியது. ஒரு பக்கம் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று பால் கணக்கு. எதிர்ப் பக்கம், தேதி வாரியாக, நான் எத்தனை மணிக்குக் கத்தினேன், எந்த மாத்திரை கொடுத்தாள், எப்போது தூங்கினேன் என்ற குறிப்பு. என் வக்கீல் அதை ஆவணமாகக் கொடுக்கவில்லை. இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு.

"உங்கம்மா கிட்ட கேளு. நீ எத்தனை ராத்திரி தூங்கலைன்னு அவங்களுக்குத் தெரியும். தேதி போட்டு எழுதி வக்கீல் கிட்ட கொடு. டாக்டர் சீட்டு, எக்ஸ்ரே, ஊசி போட்ட பில் எல்லாம் அதோட சேர்த்துக் கட்டு. அப்புறம் அவரே தொகையைப் போடுவாரு" என்றேன்.

பெட்டியிலிருந்து எழுதாத நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு படியிறங்கியவன், வலது காலை ஊன்றும்போது முகத்தைச் சுளித்தான். "எழுதிக்கோ, இதையும்" என்றேன்.